நாய்க்குப் பல் சொத்தையாவது அபூர்வம்

நாய்க்குப் பல் சொத்தையாவது அபூர்வம். கூரான, இடைவெளி விட்டு நிற்கும் பற்களில் மாவும் சர்க்கரையும் அதிகம் தங்குவதில்லை. அதன் எச்சிலும் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது என்பதால், பல்லை அரிக்கும் அமிலம் எளிதில் தலைதூக்காது.

ஆனால் அந்தக் காரத்தன்மையே வேறு வழியில் வினையாகிறது. சுத்தமான பல்லின் மேலும் சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பாகப் படர்ந்துவிடுகின்றன. தேய்த்து எடுக்காவிட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் உப்புகள் அதில் படிந்து, இரண்டு மூன்று நாளில் காரையாக இறுகத் தொடங்கும். அந்த மஞ்சள் காரை அசிங்கம்தான். ஆபத்து அதற்கும் கீழே, ஈறுக்குள் இருக்கிறது. வீங்கிய ஈறு பல்லை விட்டு விலக, நடுவில் பை போல ஒரு பள்ளம் விழும். காற்றுப் புகாத அந்தப் பள்ளம் போர்ஃபைரோமோனாஸ் குலே போன்ற பாக்டீரியாக்களுக்கு வசதியான இடம். அவை புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை வெளிவிடுகின்றன. “நாய் வாய்னா நாறத்தானே செய்யும்” என்று நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற வாடை பெரும்பாலும் இதுதான். கிருமிகளை விரட்ட உடல் நடத்தும் சண்டையில் தாடை எலும்பே கரைய, கடைசியில் பல் ஆடுகிறது.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நீண்ட முக நாய்களுக்கு இடப் பஞ்சமில்லை. பொமரேனியன், ஷிட்சூ, பக் போன்றவற்றின் சின்னத் தாடையில் அதே 42 பற்களும் இடித்துக்கொண்டு நிற்கின்றன. எலும்பு மிகவும் கரைந்துபோன குட்டி இன நாய்களில், லேசாக அடிபட்டாலே கீழ்த்தாடை முறிந்துவிடுவதும் உண்டு. நாய்களிலும் பூனைகளிலும் பெரும்பாலானவற்றுக்கு மூன்று வயதுக்குள்ளேயே ஈறு நோயின் ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள்.

நம்மை ஏமாற்றுவது அவற்றின் பசி. பல்வலியோடும் அவை தின்னும். ஒரே பக்கமாக மெல்லும், கவளத்தை நழுவவிடும், முகத்தைப் பாதத்தால் தேய்க்கும். கண்ணுக்குக் கீழே திடீரென வீக்கம் வந்தால் கண் நோய் என்று நினைப்போம். பல நேரம் அது மேல்தாடைப் பெரிய கடைவாய்ப் பல்லின் வேரில் கட்டிய சீழாக இருக்கும். எலும்பைக் கடித்துப் பிளந்துகொள்வதும் பெரும்பாலும் அதே பல்லைத்தான். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத எதையும் கடிக்கக் கொடுக்க வேண்டாம்.

பூனைக்கு இன்னொரு விசித்திரமான தொல்லை உண்டு. அதன் உடலின் செல்களே பல்லைக் கரைத்துத் தின்கின்றன. காரணம் இன்னும் பிடிபடவில்லை. கீழ்த்தாடையில் கோரைப் பல்லுக்குப் பின்னால் வரும் முதல் பல்லில்தான் அதிகம் பார்க்கலாம். அரித்த குழியை ஈறு வளர்ந்து மூடிக்கொள்வதால் வெறும் சிவப்புப் புள்ளியாகவே தெரியும். மயக்கத்தில் இருக்கும்போது அதைத் தொட்டால்கூடத் தாடை துடிக்கும். இதை அடைத்துச் சரிசெய்ய முடியாது, பிடுங்கத்தான் வேண்டும்.

மயக்க மருந்து இல்லாமல் காரையைச் சுரண்டி எடுப்பது வெள்ளையடிக்கிற வேலை. ஈறுக்குள் சுத்தம் செய்யவும் வேரை எக்ஸ்ரே எடுக்கவும், ரத்தப் பரிசோதனை செய்து முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். ஈறு நோய் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டினாலும், இதனால்தான் அது வருகிறது என்று உறுதியாகவில்லை. மருத்துவரிடம் போக அந்தப் பயம் எதற்கு, வலி ஒன்றே போதாதா?

வீட்டில் செய்ய வேண்டியது தினமும் பல் தேய்த்துவிடுவது. கன்னத்தை ஒட்டிய வெளிப்பக்கம் தேய்த்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. நம் பற்பசை கூடாது. அவற்றுக்குத் துப்பத் தெரியாது. சில பற்பசைகளில் உள்ள சைலிட்டால், நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். கடையில் விற்கும் உலர் தீவனம் பல்லைத் தானாகச் சுத்தமாக்கும் என்பதும் பாதி நம்பிக்கைதான். சாதாரணத் தீவனம் பல் நுனியிலேயே நொறுங்கிவிடும், ஈறோரத்தைத் தொடாது.

வாயெல்லாம் புண்ணாகும் கடும் ஈறு அழற்சியில், பூனையின் பற்களை மொத்தமாகப் பிடுங்க வேண்டி வருவதும் உண்டு. பிறகு எப்படித் தின்னும் என்று வளர்ப்பவர்கள் பதறுவார்கள். பூனை இயல்பிலேயே மெல்லுகிற பிராணி அல்ல, வெட்டி விழுங்குவது. ஈறு ஆறியதும் மீனும் சோறும் பிசைந்து வைத்தால் தட்டைக் காலி செய்யும். சில பூனைகள் உலர் தீவனத்தைக்கூட முழுசாக விழுங்கிவிடும்.