காலால் அளந்த பாங்காக்

கெடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம்மைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோகும் தண்டவாளம் எதிர்த்திசையில் பாங்காக் வரைக்கும் போகிறது. சுங்கை பட்டாணியில் கொமுட்டர் ஏறினால் பாடாங் பெசார். அங்கே ஒரே கட்டடத்துக்குள் மலேசியக் குடிநுழைவு, சில அடி தள்ளித் தாய்லாந்துக் குடிநுழைவு. கடப்பிதழில் இரண்டு முத்திரை விழுந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிக்கொள்ளலாம். மாலையில் புறப்படும் தாய்லாந்து இரயில், ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை இரவெல்லாம் ஓடி, மறுநாள் காலை பாங்காக்கில் இறக்கிவிடுகிறது. படுக்கை வசதி இருப்பதால் ஓர் இரவு விடுதி வாடகையும் மிச்சம்.

செமஸ்டர் விடுமுறையில் நானும் இரண்டு தோழிகளும் அப்படித்தான் போனோம். ஆளுக்கு 800 வெள்ளி, அதற்கு மேல் ஒரு சென்னும் இல்லை என்று எல்லை போட்டுக்கொண்டோம். கல்விக் கடனிலும் பகுதிநேர வேலையிலும் சேர்த்த காசு. அதனால் நகருக்குள் துக் துக், வாடகை வண்டி எதுவும் வேண்டாம், நடக்கலாம் என்று முடிவு. (போவதற்கு மூன்று நாள்களுக்குள் தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள். 2025 மே முதல் அது கட்டாயம். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் இணையத்தளம் என்றால் அது அரசாங்கத்துடையது அல்ல.)

2023 ஜனவரியிலிருந்து நெடுந்தூர இரயில்கள் குருங் தெப் அபிவத் என்ற புதிய நிலையத்தில்தான் நிற்கின்றன. விமான நிலையம் போலப் பெரியது. நடப்பவர்களுக்கு உதவாத இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து நிலத்தடி இரயிலில் ஹுவா லம்போங் வந்து, 1916இல் திறந்த பழைய நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாணவர் விடுதியில் தங்கினோம். ஓர் இரவுக்கு ஒருவருக்கு 300 பாட், நம் கணக்கில் ஏறக்குறைய 40 வெள்ளி. அந்த இடத்தைப் பிடித்ததுதான் எங்கள் பயணத்திலேயே புத்திசாலித்தனமான செலவு. சீன நகரம், ஆறு, சீலோம் சாலை எல்லாமே நடை தூரம்.

பாங்காக்கில் நடப்பது ஈப்போவில் நடப்பது போல அல்ல. நடைபாதையில் பாதி கடைக்காரருக்கு, மீதியில் மோட்டார் சைக்கிளும் வரும். வெயில் வேறு. இரண்டாம் நாளே ஒரு முறை பழகிவிட்டது: காலை ஆறரைக்குக் கிளம்பிப் பத்து மணிவரை நடப்பது, நண்பகலில் குளிர்சாதனம் உள்ள இலவச இடத்தில் ஒதுங்குவது (பாங்காக் கலை பண்பாட்டு மையத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை), நாலு மணிக்கு மேல் மறுபடி நடப்பது. கால் ஓய்ந்தால் இருக்கவே இருக்கிறது சாவ் பிரயா ஆற்றுப் படகு. அக்கரைக்குப் போக ஒரு வெள்ளிகூட ஆகாது.

முதல் நாள் பாதையை அப்படியே உங்களுக்கும் தருகிறேன். விடுதியிலிருந்து வாட் திரைமித். அங்குள்ள ஐந்தரை டன் தங்கப் புத்தர் பல காலம் சுண்ணப் பூச்சுக்குள் ஒளிந்திருந்தவர். 1955இல் சிலையை நகர்த்தும்போது பூச்சு உடைந்த பிறகுதான் உள்ளே தங்கம் என்று தெரிந்தது. பிறகு யாவரத் சாலை, ஆள் ஒதுங்கக்கூட இடமில்லாத சம்பெங் சந்து, அதன் மறுமுனையில் துணிக்கடைகள் நிறைந்த பஹுராட். அங்குள்ள சீக்கியர் குருத்துவாராவில் யார் வந்தாலும் சாப்பாடு. சைவர்களுக்கு இன்னொரு குறிப்பு: மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தாக ‘ஜே’ என்ற அடையாளம் தெரிந்தால் அந்தக் கடையில் துணிந்து உட்காரலாம்.

பஹுராட்டிலிருந்து வடக்கே நடந்தால் வாட் சுதாட் எதிரில் சிவப்பு நிறத்தில் ஒரு பிரம்மாண்டமான ஊஞ்சல் கால் நிற்கிறது. ஊஞ்சல் இல்லை, கால்கள் மட்டுமே. முன்பு இதில் ஆள்கள் ஆடி, உயரக் கம்பத்தில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம். 1935இல் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சடங்கின் பெயர் திரியம்பவாய். திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை! அதன் துணைச் சடங்கு திரிபவாய், அதாவது திருப்பாவை. சற்றுத் தள்ளியிருக்கும் 1784ஆம் ஆண்டுக் கோயிலான தேவசத்தானின் தாய்லாந்துப் பிராமணர்கள் இன்றும் அதை நடத்துகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி அப்போதே எழுதியிருக்கிறார். எங்கள் தோட்டத்துக் கோயிலில் மார்கழி விடியலில் தூக்கக் கலக்கத்தோடு பாடிய பாட்டு, அரசன் ஊரில் அரசச் சடங்காக இருந்திருக்கிறது என்று நினைத்தபோது கால் வலி கொஞ்சம் மறந்தது.

மறுநாள் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள் வாட் காக் என்கிறார்கள். நம்மவர்களைவிட அவர்கள்தாம் அதிகம். சாமந்தி மாலையும் இளநீருமாக வரிசையில் நிற்கிறார்கள். அரண்மனையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நுழைவு 500 பாட், தோள் மூடிய உடை வேண்டும், கூட்டம் அதிகம். போதும்.

நான்காம் நாள் நகரைவிட்டு வெளியே போனோம். உண்மையில் நான் பாங்காக் வந்ததே அதற்காக. விடியற்காலையிலேயே அக்கரை போய், தோன்புரி நிலையத்தில் காலை இரயில். வெளிநாட்டவருக்கு 100 பாட். மர இருக்கை, திறந்த சன்னல். காஞ்சனபுரி தாண்டி, குவாய் ஆற்றுப் பாலத்தின் மேல் அது மெதுவாக ஊர்ந்து போகிறது.

இதுதான் சயாம் மரண இரயில் பாதை. பர்மாவரை 415 கிலோமீட்டர்; 1943 அக்டோபரில் ஜப்பானியர் முடித்தது. கூலியும் சாப்பாடும் என்று ஆசைகாட்டியும் பிறகு கட்டாயப்படுத்தியும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் சேர்ந்து ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர்வரை இறந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்தவர்களுக்கு இது தெரிந்த கதை.

காஞ்சனபுரி நிலையத்துக்கு எதிரிலேயே போர்க் கல்லறை. ஏறக்குறைய 7,000 போர்க் கைதிகள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. 22, 23, 21. புல்லை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள், பூச்செடி வைத்திருக்கிறார்கள். வரிசை வரிசையாக நடந்தோம். தோட்டத்துத் தொழிலாளி எவருக்கும் அங்கே கல் இல்லை. அவர்கள் இராணுவத்தினர் அல்லர். பெயர்ப்பட்டியலைக் காக்க அவர்களுக்கென்று ஒரு படைப்பிரிவும் இல்லை. பாதையோரம் எங்கெங்கோ புதைந்து போனார்கள். அந்தப் புல்லின் அழகைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அங்கே படுத்திருக்கும் 21 வயதுப் பையன்கள் மேல் நிச்சயமாக இல்லை.

என் பாட்டியின் அப்பாவும் அப்படிப் போனவர். கூலிம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஏற்றிப் போனபோது பாட்டிக்கு இரண்டு வயது. அவர் திரும்பவில்லை.

ஊர் திரும்பியதும் செலவைக் கூட்டினால் ஆளுக்கு 742 வெள்ளி. மிச்சம் 58. பாட்டியிடம் பாலத்தின் படத்தைக் காட்டினேன். “நல்ல தண்ணி ஓடுதா ஆத்துல?” என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். அப்பாவின் முழுப் பெயர், தோட்டம், எத்தனையாவது லயம், கூடப் போன இன்னும் நான்கு பேர் யார் யார் என்று எல்லாவற்றையும் சொன்னார். நாற்பது நிமிடம். கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அந்த நான்கு பேர் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.