சுடுதண்ணீர் பிரஷர் வாஷர்: பர்னரைக் கவனித்தால் டீசல் மிச்சம்

"இயற்கை விவசாயம் பண்றவங்களுக்கு டீசல் பர்னர் எதுக்குங்க?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் குழுவில் ஏழு குடும்பங்கள் மாடு வைத்திருக்கிறோம். பால் கேன், கறவை இயந்திரத்தின் வாளி, கொட்டகைத் தரை எல்லாம் கழுவ ஒரு சுடுதண்ணீர் பிரஷர் வாஷரைப் பொதுவில் வாங்கினோம். அதன் பராமரிப்பு என் பொறுப்பு. சூடான தண்ணீர் கொழுப்பை இளக்கிவிடும். சோப்பும் காரமும் கொஞ்சமாகப் போதும். கழுவிய தண்ணீர் தீவனப்புல்லுக்குத்தானே போகுது!

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. பால் பட்ட பாத்திரத்தை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசணும். எடுத்த எடுப்பில் கொதிக்கும் தண்ணீரை அடித்தால் பாலின் புரதம் வெந்து ஒட்டிக்கும்.

டீசல் எவ்வளவு ஆகும்?

ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் வேணும். மணிக்கு 600 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து 80 டிகிரிக்கு ஏற்ற, நல்ல நிலையில் உள்ள பர்னரே சுமார் 4 லிட்டர் டீசல் குடிக்கும். கரியும் உப்பும் படிந்தால் இன்னும் கூடும். அந்தக் காசு நேராகப் புகைப்போக்கி வழியா போகுதுன்னு அர்த்தம்.

காயிலை மாற்றச் சொன்னார்கள்

போன கோடையில், "தண்ணி வெதுவெதுன்னுதானுங்க வருது" என்று குழுவில் புகார் வந்தது. பார்க்க வந்த மெக்கானிக், காயில் போச்சு, புதுசு மாத்தணும் என்றார். அவர் சொன்ன தொகைக்கு மெஷினையே விற்றுவிடலாம் என்று இரண்டு குடும்பங்கள் பேச ஆரம்பித்தன. முடிவெடுக்கும் முன் நாங்களே சோதித்தோம். பர்னர் விடாமல் எரிந்தது. புகைப்போக்கியில் அனல் வழக்கத்தைவிட அதிகம். பிரஷர் மீட்டரும் வழக்கத்தைவிட மேலே நின்றது. சூடு தண்ணீருக்குப் போகாமல் வெளியே போகிறது, காயிலின் உள்வழியும் குறுகிவிட்டது என்று புரிந்தது. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். சூடாகும்போது சுண்ணாம்பு காயிலுக்குள் படிந்துவிடும்.

லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, பர்னரை அணைத்துவிட்டு, நாசிலைக் கழற்றி, ஹோஸ் முனையை அதே வாளியில் விட்டுச் சுற்ற வைத்தோம். நுரை வந்தால் சுண்ணாம்பு கரைகிறது என்று பொருள். அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி சுற்றி, நல்ல தண்ணீரில் அலசினோம். இரண்டு தடவை செய்ததும் பிரஷர் இறங்கியது, சூடு ஏறியது. அதே காயில்தான் இன்றும் ஓடுது. உங்க மெஷின் பம்புக்கு இந்த அமிலம் ஒத்துக்குமான்னு கையேட்டைப் பார்த்துட்டுச் செய்யுங்க.

புகை சொல்லும் சேதி

கரும்புகை வந்தால் காற்று பத்தவில்லை, அல்லது டீசல் அதிகமாகப் பாய்கிறது. ஃபேனில் தூசி, வைக்கோல் அடைத்திருக்கான்னு பாருங்க. வெண்புகையோடு டீசல் வாடை அடித்தால் டீசல் எரியாமலே போகிறது. ஃபில்டரில் தண்ணீர், பொறி எலெக்ட்ரோடில் கரி, தேய்ந்த நாசில் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்க. பர்னர் நாசிலைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை கெட்டால் டீசல் சரியாகத் தெறிக்காது. அதன்மேல் உள்ள எண்ணைப் பார்த்து அதே அளவில் புதுசு போடணும். எலெக்ட்ரோடு இடைவெளியும் கையேட்டில் உள்ளபடி இருக்கணும்.

பற்றி எரிந்து சில நொடியில் அணைந்தால், தீயைப் பார்க்கும் சென்சார் கண்ணில் கரி படிந்திருக்கலாம். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

தினமும் செய்ய வேண்டியது

வேலை முடிந்ததும் பர்னரை மட்டும் அணைத்து, தண்ணீர் ஆறி வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் கன்னை அழுத்திப் பிடிக்கணும். காயில் சூட்டோடு நின்றால் உப்பு சீக்கிரம் படியும். டீசலை வடிகட்டி ஊற்றுங்க. டேங்க் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்க.

மூடிய அறையில் ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, ஆளைக் கொல்லும். பெட்ரோல் கலக்கக் கூடாது. பொறி டிரான்ஸ்பார்மரில் பல ஆயிரம் வோல்ட் வரும், பிளக்கைப் பிடுங்காமல் பர்னரைத் திறக்காதீங்க. பாதுகாப்பு வால்வு சொட்டுதுன்னு அடைத்துவிடாதீங்க.

இப்போது மாடியில் உள்ள சூரிய வெந்நீர்த் தொட்டியில் இருந்து 45 டிகிரி தண்ணீரை இதற்குக் கொடுக்கிறோம். ஏற்ற வேண்டிய 50 டிகிரியில் 15 டிகிரியை வெயிலே ஏற்றிவிடுகிறது. டீசலில் கிட்டத்தட்ட 30 சதவீதம் மிச்சம். உள்ளே வரும் தண்ணீர் எவ்வளவு சூடு வரை இருக்கலாம் என்பது பம்புக்குப் பம்பு மாறும். அதைக் கேட்டுக்கொண்டு குழாய் இணையுங்க.