இடித்த வீட்டு இட்லிப்பூ

குமணன்சாவடியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டை அடுக்குமாடிக்காக இடித்தார்கள். வாசல் ஓரத்தில் இடுப்புயர இட்லிப்பூச் செடி. அடித்தண்டு என் மணிக்கட்டு கனம். முப்பது வயசாவது இருக்கும் என்றார் வீட்டுக்காரம்மா. "நாளைக்கு ஜேசிபி வருது சார், வேணும்னா எடுத்துக்குங்க." அன்று சாயங்காலமே கடப்பாரையோடு போய்விட்டேன். நாலு வருஷம் முன்பு, ஆடி மாசம்.

இட்லிப்பூ என்பது நம்ம வெட்சிதான். ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடிய பூ. தொல்காப்பியம் அந்தத் திணைக்கே இதன் பெயரை வைத்திருக்கிறது. என்றும் பசுமையான புதர், வெட்ட வெட்டத் துளிர்க்கும். போன்சாய் வளர்க்க ஜப்பான் பைன் தேடி அலைய வேண்டியதில்லை.

வேர்மண் உதிராமல் சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன். கிளைகளை ஒன்றரை அடிக்குக் கவாத்து செய்து, வெட்டுவாயில் சாணி பூசி, பெரிய தொட்டியில் வைத்து நிழலில் விட்டேன். துளிர்த்தது. அடுத்த வருஷம் அகலத் தட்டுக்கு மாற்றும்போதுதான் தப்பு பண்ணினேன். செம்மண், இலைமட்கு, செங்கல் ஜல்லி மூன்றும் சம பங்கு, அது சரி. ஜல்லிக்கு அந்த வீட்டுச் செங்கல்லையே உடைத்துப் போட்டேன். பிறந்த வீட்டுக் கல்லாச்சே என்று ஒரு சென்டிமென்ட்!

மூணே மாசத்தில் இளம் இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சத்துக் குறைச்சல் என்று நினைத்து பஞ்சகவ்யாவை ஊற்றினேன். நுனிகள் கருகின. அப்புறம்தான் செங்கல்லில் ஒட்டியிருந்த சுண்ணாம்பும் சிமெண்டும் கண்ணில் பட்டன. போதாததற்கு எங்கள் போர் தண்ணி, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற ரகம். இட்லிப்பூவுக்குச் சற்றே புளிப்பான மண் வேண்டும். காரத்தன்மை ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. லாக்கரில் நகை இருக்கு, சாவி இல்லை என்கிற கதை.

நோயாளிச் செடியின் வேரைக் கலைப்பது ஆபத்து. விட்டாலும் சாகும் என்று, புரட்டாசி மழையில் மண் முழுவதையும் உதறி, பூச்சுப் படாத புதுச் செங்கல்லில் மாற்றினேன். மழைநீர், கோடையில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், வாரம் ஒருமுறை பத்து மடங்கு தண்ணீர் கலந்த புளித்த மோர். தை மாசம் பச்சை திரும்பியது.

பூ கிளை நுனியில்தான் வரும். அழகுக்காக எப்போதும் நுனி கிள்ளுகிறவர்களுக்குப் பூ கிடையாது. பூத்து முடிந்ததும் கொத்துக்குக் கீழே ரெண்டு இலைக்கணு விட்டு வெட்டுங்கள். முற்றிய கிளை பட்டென்று ஒடியும், இளங்கிளைக்கு மட்டும் கம்பி சுற்றுங்கள். எறும்பு ஏறினால் மாவுப்பூச்சி இருக்கா என்று பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் போதும். மொட்டு பிடிக்க தேமோர் கரைசல்.

"செடியைக் குறுக்கறது கொடுமையில்லையா?" என்று இயக்க நண்பர்கள் கேட்கிறார்கள். முருங்கையை வருஷா வருஷம் மொட்டையடிக்கிறோமே! தண்ணீரும் வெயிலும் காட்டாமல் ஹாலில் வைப்பதுதான் கொடுமை.

இந்த ஆடியில் ஏழு கொத்து. கவாத்தில் விழுந்த குச்சிகளைப் பையில் ஊன்றியதில் மூணு துளிர்த்திருக்கிறது. ஒன்று அந்த வீட்டுக்காரம்மாவுக்கு. இப்போ மூணாவது மாடியில் இருக்கிறார், பால்கனியில் காலை வெயில் வருமாம்.