கண்ணாடிக் குழாயை எடுத்து வைப்பது யார்?

தொடர்: கரையோரத்துத் தாதியர்

சென்ற வாரம் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளின் மூன்றாண்டுப் படிப்பைப் பார்த்தோம். அது முடிந்து, பதிவு பெற்று, வாட்டில் சில வருடங்கள் வேலை செய்த பிறகு வரும் படிப்பொன்றைப் பற்றி இந்த வாரம். சிகிச்சைசார் தலைமைத்துவம் என்ற பெயரில் உலகின் பல பல்கலைக்கழகங்கள் அதை முதுமாணி மட்டத்தில் கற்பிக்கின்றன. பெருநகர ஆஸ்பத்திரிகளுக்கே அது உரியது என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். கொண்டச்சி போன்ற ஊருக்குத்தான் அது முதலில் தேவை என்பது என் எண்ணம்.

கொண்டச்சிக் குடாவைப் பழைய நூல்கள் முத்துக்குளிப்பால் அறியும். 1803இல் வெளிவந்த ரொபர்ட் பேர்சிவலின் இலங்கை நூலில், பருவம் வந்ததும் இந்த வெறும் மணற்கரை பெருஞ்சந்தையாக மாறிய விதம் விரிவாக இருக்கிறது. பிந்திய வரலாறு கசப்பானது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது கொண்டச்சி அடங்கிய முசலிப் பகுதி மக்களும் போனார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் கொட்டில் போட்டு ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் காடு மூடிய காணிகளை வெட்டித் திறந்து, வயலையும் கடலையும் மறுபடி பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே ஒருவருக்கு நோய் முற்றினால் முதலில் சிலாவத்துறை ஆஸ்பத்திரி. அங்கே முடியாதென்றால் அரிப்பு, நானாட்டான் தாண்டி மன்னார். அதற்கு மேலும் தேவையென்றால் வவுனியா, அனுராதபுரம் அல்லது யாழ்ப்பாணம். இந்த வழி நெடுக, நள்ளிரவிலும் நோயாளியின் கட்டிலருகே மாறாமல் நிற்பவர் ஒரு தாதி.

வயலும் பற்றையும் மரமுந்திரிகைத் தோட்டமும் உள்ள மண்ணில் பாம்புக்கடி அன்றாட விடயம். கண்ணாடிப் புடையன் கடித்தவரை இரவில் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாம்பின் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும். நஞ்சு உடலில் ஏறியதா என்று அறிய, சிறிய ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. சில மில்லி லீற்றர் இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து தேவை. ஆனால் அந்தக் குழாயைச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவியிருந்தால், நஞ்சு ஏறாதவருடைய இரத்தமும் உறையாமல் ஓடலாம். பிளாஸ்டிக் குழாயானாலும் முடிவை நம்ப முடியாது.

தவறாகக் காட்டினால் விளைவு சிறியதல்ல. விஷமுறிவு மருந்தே ஆபத்தான ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. இலங்கை ஆஸ்பத்திரிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு நடந்து 2011இல் வெளியான ஆய்வில், நான்கில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு வகை ஒவ்வாமை ஏற்பட்டது. மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன் குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தால் முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமைகள் 43 சதவீதம் குறைகின்றன என்று காட்டியதும் அதே ஆய்வுதான். நம் மண்ணில், நம் நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட உண்மை இது.

சரியான குழாய் இரவு வேளையிலும் வாட்டில் இருக்கிறதா? அதைக் கழுவும் ஊழியருக்கு யாராவது காரணத்தை விளக்கினார்களா? மருந்து ஏறத் தொடங்குமுன் அட்ரினலின் ஊசி தயாரா? சிறுநீரின் அளவை மணிக்கணக்கில் குறித்து, குறையத் தொடங்கியதும் குரல் கொடுப்பது யார்? புதிதாய் வந்த தாதிக்கு இவற்றையெல்லாம் சொல்லிக்கொடுப்பது யார்? சிகிச்சைசார் தலைமைத்துவம் என்பது இந்தக் கேள்விகளுக்குப் பொறுப்பேற்பது. மேற்றனின் கடமைப் பட்டியலும் பண்டசாலைக் கணக்கும் அவசியமானவை. அவை வேறு வேலை.

இந்தப் படிப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பேசும் முறை பற்றிய பயிற்சி. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்த ஒழுங்கு ஒன்று இருக்கிறது. இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, நீங்கள் என்ன செய்யவேண்டும் என்ற நான்கையும் இதே வரிசையில் சொல்லவேண்டும். முதல் இரண்டையும் நம் தாதியர் நன்றாகவே சொல்வார்கள். மூன்றாவதில் குரல் தாழும். நான்காவது வாயில் வராது. "சேர், நேரம் கிடைச்சால் ஒருக்கா வந்து பார்த்தால் நல்லம்" என்பதோடு நின்றுவிடும். "சேர், சிறுநீர் நாலு மணித்தியாலமாக இறங்கேல்லை. சிறுநீரகம் பாதிக்கப்படுது எண்டு நினைக்கிறன். நீங்கள் இப்பவே வரவேணும், மன்னாருக்கு அனுப்ப அம்புலன்ஸுக்கும் சொல்லவேணும்" என்று சொல்வதற்கு அறிவும் வேண்டும், அதைச் சொல்லும் உரிமை தனக்கு உண்டென்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதியைப் பயிற்சியால் வளர்க்கலாம். கேட்கும் டொக்டரையும் அதே ஒழுங்குக்குப் பழக்கவேண்டும். இல்லாவிட்டால் தாதி படித்தது வீண்.

தாதியருக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்ததே தலைமைக்கான படிப்போடுதான். 1899இல் நியூயோர்க்கில், கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில், தாதியப் பள்ளிகளையும் வாட்டுகளையும் நடத்தப்போகிறவர்களுக்காக ஒரு வகுப்பு தொடங்கியது. கடலுக்கு அக்கரையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1946இல் தாதியப் பட்டப்படிப்பை ஆரம்பித்தது. நம் நாட்டில் திறந்த பல்கலைக்கழகம் 1994இல், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, வேலையை விடாமலே படிக்கும் தாதியப் பட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தாதியப் பட்டம் வழங்குகிறது.

படித்த தாதியால் நோயாளிக்கு என்ன இலாபம் என்று கேட்பவர்களுக்கு லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் 2014இல் லான்செட் இதழில் பதில் தந்தார்கள். ஒன்பது ஐரோப்பிய நாடுகள், 300 மருத்துவமனைகள், சத்திரசிகிச்சை செய்துகொண்ட நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 சதவீதம் கூடினால் அதே 7 சதவீதம் இறங்குகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். தாதியரின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு மிஞ்சியவர்களைப் படிக்கவைப்பது ஏமாற்று வேலை.

நம்மிடம் உள்ள குறையைச் சொல்லியாகவேண்டும். முதுமாணி படித்த தாதி பெரும்பாலும் கட்டிலருகே திரும்புவதில்லை. கற்பிக்கப் போகிறார், அலுவலகத்துக்குப் போகிறார், அல்லது நாட்டை விட்டே போகிறார். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை பேர் புறப்பட்டார்கள் என்பதை ஒவ்வொரு வாட்டும் அறியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூடுதலாகப் படித்தவருக்கு வாட்டில் கூடுதலான பொறுப்போ பதவியோ சம்பளமோ இல்லையென்றால் அவர் ஏன் நிற்கவேண்டும்?

மொழியையும் மறக்கக்கூடாது. பாடம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், உலக ஆய்வுகளைப் படிக்க அது தேவை. ஆனால் படிப்பின் பகுதியாக வாட்டில் செய்யும் கலந்துரையாடலும் களத்திட்டமும் தமிழில் நடக்கலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துக் காட்டினார். கொண்டச்சி உம்மாவுக்கும் அகத்திமுறிப்பு விவசாயிக்கும் விளங்கும் மொழியில் சொல்லத் தெரிந்தவர்தான் அந்த வாட்டுக்குத் தலைமை தாங்க முடியும்.

மாகாண சுகாதார அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இது. சிலாவத்துறை போன்ற ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் தாதியரில் ஆண்டுக்கு ஓரிருவரையாவது இந்தப் படிப்புக்குத் தெரிவு செய்யுங்கள். சம்பளத்தோடு படிப்பு விடுமுறை கொடுங்கள். களத்திட்டத்தை அவர்களுடைய சொந்த வாட்டிலேயே செய்யச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் அதற்குரிய பதவியையும் சம்பளத்தையும் எழுத்தில் கொடுத்து, அதே வாட்டில் பொறுப்பேற்கச் செய்யுங்கள்.