ஒரே பெட்டிக்குள் மூன்று கணினிகள்



சென்ற இதழின் வரவு செலவில் "கணினி அறை" என்ற வரியைக் கண்ட அன்பர்கள் சிலர், மருந்துக்கும் படுக்கைக்கும் கொடுத்த காணிக்கையில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் கேள்வி நியாயமானதே. ஆகையால் சற்று விவரமாகவே எழுதுகிறோம்.

நமது மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு, லேப் முடிவு, மருந்துச் சீட்டு, வார்டு குறிப்பு யாவும் இப்பொழுது ஒரே சர்வரில் உள்ள ஒரே தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஒரு தாயாருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெட்டி நடுராத்திரியில் நின்றுபோனால், நோயாளி மயக்கத்தில் இருக்க, கூட வந்தவர் விவரம் அறியாதவராய் இருக்க, டியூட்டி நர்ஸ் எதை நம்பி ஊசி போடுவார்? இந்தப் பயத்தினால்தான் ஒரே பதிவை மூன்று கணினிகளில் ஒரே சமயத்தில் எழுதி வைக்கும் முறைக்கு மாற எண்ணியிருக்கிறோம். இதைக் கிளஸ்டர் என்பார்கள். ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டும் வேலையைத் தொடரும்.

ஆனால் நோயாளிகள் காத்திருக்கும்போது புதிய முறையை அவர்கள்மேல் பரீட்சை பார்க்கலாகாது. எனவே முதலில் ஓர் ஒத்திகை. அதற்கு மூன்று கணினிகள் வாங்கவில்லை. ஒரு திருச்சபையார் கொடுத்த பழைய சர்வர் ஒன்றிலே மூன்று மெய்நிகர் கணினிகளை அமைத்தோம். மெய்நிகர் கணினி என்பது கணினிக்குள் ஓடும் கணினி. அதற்கென்று தனி நினைவகமும் தனி வட்டும் தனி முகவரியும் பங்கு பிரித்துக் கொடுக்கப்படும்; தான் வேறொரு பெட்டிக்குள் குடியிருப்பது அதற்குத் தெரியாது. தரவுத்தளத்துக்கு மரியாடிபி என்னும் மென்பொருளையும், மூன்றையும் இணைக்கக் கலேரா என்பதையும் பயன்படுத்துகிறோம். இரண்டையும் விலையின்றிப் பயன்படுத்தலாம். மரியாடிபி 2009-ல் தொடங்கப்பட்டது. அதை ஆரம்பித்த மைக்கேல் விடேனியஸ் தம் இளைய மகள் மரியாவின் பெயரை அதற்கு வைத்தார்.

நம் மூன்று கணினிகளுக்கும் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று பெயரிட்டோம். "யோவான் எங்கே?" என்று வார்டு சகோதரி ஒருவர் கேட்டார். வேடிக்கையாகக் கேட்டாலும் காரியம் அதில்தான் இருக்கிறது. இவைகளுக்குள் தொடர்பு அறுந்தால், பாதிக்கு மேற்பட்டவை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மாத்திரமே எழுதலாம் என்பது விதி. மூன்றில் இரண்டு இருந்தால் போதும். நான்காக்கினால் மூன்று வேண்டும். அப்பொழுதும் ஒன்றின் இழப்பைத்தான் தாங்கும். இரண்டிரண்டாகப் பிரிந்தாலோ இரு பக்கமும் நின்றுவிடும். யோவானால் செலவுதான் கூடும்!

இந்த விதி எதற்கு? 2018 அக்டோபர் 21 அன்று, நிரல் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் என்னும் அமெரிக்க நிறுவனத்தில், 43 வினாடிகள் இணைப்பு அறுந்தது. அதற்குள் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பதிவுகள் ஏறிவிட்டன. சேவை பழைய நிலைக்குத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. அத்தனை பெரிய நிறுவனத்திலே அப்படி. இங்கே ஒரு கணினியில் "இன்சுலின் நிறுத்து" என்றும் மற்றதில் "தொடர்க" என்றும் இருந்தால் என்ன செய்வது? தவறான பதில் சொல்லும் கணினியைவிட வாயை மூடிக்கொள்ளும் கணினியே நமக்கு மேல்.

ஒத்திகையில் நாங்கள் செய்கிற வேலை பெரும்பாலும் கெடுத்துப் பார்ப்பதே. லூக்காவைத் திடீரென நிறுத்தினோம்; சில வினாடிகள் தயங்கிய பின் மற்ற இரண்டும் தொடர்ந்தன. திரும்ப எழுப்பியபோது தான் தவறவிட்டவற்றை மற்றவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டது. மாற்கின் இணைப்பைத் துண்டித்தோம். கேபிளைப் பிடுங்கவேண்டியதில்லை, திரையில் ஒரு குறியை எடுத்தால் போதும். தனித்துப்போன மாற்கு எழுத மறுத்தது. அதுதான் சரி.

மூன்றையும் ஒரே சமயத்தில் அணைத்துப் பார்த்ததுதான் மிகவும் பிரயோஜனமாயிருந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டரும் கைவிட்டு, யு.பி.எஸ். தீர்ந்துபோனால் நிகழக்கூடியது இதுவே. அப்பொழுது அவை தாமாகச் சேர்ந்து எழும்பிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. கடைசிப் பதிவு எதனிடத்தில் இருக்கிறதென்று பார்த்து, அதை முதலில் எழுப்பி, மற்றவற்றை அதன் பின்னால் சேர்க்கவேண்டும். பின்தங்கிய ஒன்றை முதலில் எழுப்பினால் கடைசியாக எழுதியவை தொலைந்துபோகும். இதற்கான படிகளைத் தமிழில் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மெய்நிகர் கணினியில் முந்தைய நிலையைப் படம்போலப் பிடித்து வைத்து, நிமிடங்களில் அதற்கே திரும்பிவிடலாம். ஆகையால் இரவுப் பணியாளர்கள் இதை எத்தனை முறை வேண்டுமானாலும் பழகுகிறார்கள்.

இந்த ஒத்திகையில் உங்களில் எவருடைய பதிவும் இல்லை. நோயாளிகள் யாவரும் கற்பனைப் பெயர்களே. ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே வயதும் உள்ள மூன்று மேரிகளை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறோம், நம் ஓ.பி.யில் நடக்கிற சங்கதிதானே.

இரண்டு காரியங்களை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒன்று, மூவரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் பெட்டி எரிந்தால் மூவரும் போவார்கள். ஒரே வட்டைப் பங்கிடுவதால் வேகத்தையும் இதில் அளக்கமுடியாது. ஆகவே மெய்யான கிளஸ்டருக்கு மூன்று தனிப் பெட்டிகள், தனித்தனி அறைகளில், வேண்டும். மற்றொன்று, கிளஸ்டர் இருப்பதனால் பேக்கப் வேண்டாம் என்பதில்லை. மத்தேயுவில் ஒரு பதிவை அழித்தோம். அழித்ததையும் மற்ற இரண்டும் உண்மையாய் நகல் எடுத்துக்கொண்டன! எனவே தினந்தோறும் தனி வட்டில் எடுக்கும் பிரதி தொடர்கிறது. அதிலிருந்து மீட்க முடிகிறதா என்பதையும் நான்காவது மெய்நிகர் கணினி ஒன்றில் மாதந்தோறும் பார்க்கிறோம். யோவானுக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டது.

மூன்று பெட்டிகளில் ஒன்று கையில் இருக்கிறது. இன்னும் இரண்டும், அறைக்கொரு யு.பி.எஸ்.ஸும் தேவைப்படுகின்றன. மாற்றம் நடக்கும் இரவில் எல்லா வார்டுகளும் காகிதச் சீட்டில் எழுதும். அந்த இரவுக்காகவும், அன்று பணியிலிருக்கும் நர்ஸ்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். தேதியை முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிப்போம்.