செல்போனில் வரும் சுருக்கெழுத்துகள்

ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று பள்ளிக்கூட இலக்கணத்தில் படித்திருக்கிறோம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதும் அந்த வகைதான். இப்போது மில்லுக்கும் மண்டிக்கும் ஆர்டர் வாட்ஸ்அப்பில் போகிறது. அதிலும் ஒரு குழூஉக்குறி வளர்ந்துவிட்டது.

ஜி.எம். என்றால் காலை வணக்கம். எப்.ஒய்.ஐ. என்றால் தங்கள் தகவலுக்கு. ஏ.எஸ்.ஏ.பி. என்றால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். இவை புரியாவிட்டாலும் நஷ்டமில்லை. எல்.ஓ.எல். மட்டும் கவனம், அது வாய்விட்டுச் சிரிப்பது. பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரூன், அதை 'நிறைந்த அன்புடன்' என்று எண்ணிக் குறுஞ்செய்திகளில் போட்டு வந்ததாக 2012-ல் ஒரு விசாரணையில் தெரியவந்தது. துக்கச் செய்திக்குப் பதிலாக அதைப் போட்டுவிடாதீர்கள்!

காசு போகும் இடம் வேறு. விலைக்குப் பக்கத்தில் டி.பி.சி. என்றிருந்தால் இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். அதை நம்பிச் சில்லறை விலை வைக்கக்கூடாது. 'எக்ஸ் மில்' என்றால் மில் வாசல் விலை. லாரி வாடகை நம் தலையில். எப்.ஓ.ஆர். என்பது ரயில் சரக்குக் காலத்துச் சொல், இன்று லாரிக்கும் வழங்குகிறது. அதன் பின்னால் எழுதியுள்ள ஊர் வரைதான் வாடகை விற்பவர் பொறுப்பு. விருதுநகர் பருப்புக்கு 'எப்.ஓ.ஆர். காரைக்கால்' என்பதும் 'எப்.ஓ.ஆர். விருதுநகர்' என்பதும் ஒரே விலையானாலும் ஒன்றல்ல. ஊர் பெயர் இல்லையென்றால் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

அந்தப் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. என்றிருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண் 33-ல் தொடங்கும், நம்முடையது 34-ல். பக்கத்து நாகூர் சரக்கும் நமக்கு வெளிமாநிலச் சரக்குதான். புதுச்சேரியிலிருந்து வந்தால் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரிந்திருக்கும்.

கடைசியாக மூன்று. ஓ.டி.பி. என்பது ஒரு முறைக்கு மட்டும் செல்லும் ரகசிய எண். வங்கிக்காரர் என்று சொல்லிக் கேட்டாலும் சொல்லக்கூடாது. யு.பி.ஐ. பின் நம்பர் பணம் அனுப்பத்தான், வாங்க அல்ல; 'பணம் வர பின் போடுங்கள்' என்பவன் திருடன். ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வந்தாலும் திறக்காதீர்கள்; அது செல்போனுக்குள் நுழையும் செயலி. மீறிப் பணம் போய்விட்டால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் போன நேரம், தொகை, செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.