உழைப்பு அவளுடையது, வருமானம் அவனுடையதாம்!

ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ, பம்புசெட்டுக்கு உறுப்புகள் கடைந்து தரும் சிறு பட்டறை ஒன்றில் நுழைந்து பாருங்கள். லேத் இயந்திரத்தருகே கணவர் நிற்பார். மூலையிலே, மேசையருகே மனைவி அமர்ந்திருப்பார். வார்ப்பு வரவில்லையே என்று பவுண்டரிக்குத் தொலைபேசியில் பேசுவது அந்த அம்மையார். சனிக்கிழமை மாலை ஆட்களுக்குச் சம்பளம் எண்ணிக் கொடுப்பது அந்த அம்மையார். சரக்கு சேவை வரிக் கணக்கை நாள் தவறாமல் முடிப்பதும் அவரே. சோமனூர்த் தறிக்கூடத்திலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் இதே காட்சிதான். எல்லோருக்கும் சம்பளம் எண்ணிக் கொடுக்கும் அந்தக் கைக்கு என்ன சம்பளம்? ஒன்றுமில்லை!

ஒரு கணவருக்கு நல்லெண்ணம் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடிட்டரிடம் போகிறார்.

"ஏனுங்க, என்ற சம்சாரத்துக்கு மாசம் நாப்பதாயிரம் சம்பளம் போட்டுக்கலாமுங்களா?"

"தாராளமாப் போடலாமுங்க. வாங்கறது அவங்க, வரி கட்டறது நீங்க!"

கேலியல்ல இது, சட்டம்! ஒரு நிறுவனத்திலே கணவருக்குத் தனியாகவோ, உறவினர்களோடு சேர்ந்தோ 20 சதவிகிதமோ அதற்கு மேலோ வாக்குரிமைப் பங்கு, அல்லது இலாபத்திலே அந்த அளவு உரிமை இருக்குமானால், அங்கே மனைவி பெறும் சம்பளம் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 64-ஆம் பிரிவிலே, 1975-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நுழைந்து, 1976 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி இது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் இதைக் கைவிடவில்லை.

கணக்கைப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி, கணவருக்கு வரிக்குரிய வருமானம் 30 இலட்சம். மனைவிக்கு ஆண்டுச் சம்பளம் 4,80,000. தனியாகக் கணக்கிட்டால் அம்மையார் கட்டவேண்டிய வரி ஒரு காசுமில்லை. நிலையான கழிவு 75,000 போக மீதி 4,05,000-ஐக் கணவர் தலையிலே ஏற்றினால், 30 சதவிகித வரியும் அதன்மேல் 4 சதவிகிதத் தீர்வையும் சேர்ந்து 1,26,360 ரூபாய்! அதே வேலைக்கு அடுத்த வீட்டுப் பெண்ணை அமர்த்தினால் இந்தச் சுமை இல்லை. தாலி கட்டிய ஒரே காரணத்துக்காக இந்தத் தண்டம்.

ஏன் வந்தது இந்த விதி? காரணமில்லாமல் வரவில்லை. கணவனும் மனைவியும் கூட்டாளிகள் என்று ஏட்டிலே எழுதி, ஒரு வருமானத்தை இரண்டாக உடைத்து வரியைக் குறைத்த வித்தகர்கள் இருந்தனர். அதைத் தடுக்கத்தான் வெள்ளையர் ஆட்சியிலேயே, 1937-லே, வருமானச் சேர்ப்பு விதி புகுந்தது. பட்டறைப் பக்கமே தலைகாட்டாத மனைவிக்கு மாதச் சம்பளம் என்று எழுதுவது ஊரார் பணத்தைத் திருடுவதுதான். அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. நாம் கேட்பது வேறு: பொய்ச் சம்பளத்தைப் பிடிக்க வீசிய வலையிலே மெய் உழைப்பும் ஏன் சிக்கவேண்டும்?

விதிவிலக்கு உண்டு என்பார்கள். உண்டு! மனைவிக்குத் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்த அறிவாலும் அனுபவத்தாலுமே சம்பளம் வந்தால், சேர்ப்பு இல்லை. பொறியியல் பட்டம் பெற்றவர் வடிவமைப்பு செய்தால் தப்பினார். பட்டம் பெறாமலே இருபதாண்டு நிர்வாகம் நடத்தியவர்? பட்டமோ சான்றிதழோதான் தகுதி என்பதில்லை என்றது ஆந்திர உயர்நீதிமன்றம், 1980களிலே. 1990களிலே பம்பாய் உயர்நீதிமன்றம் பார்த்த வழக்கிலோ, மருத்துவரான கணவரிடம் வரவேற்பாளராகவும் கணக்கராகவும் இருந்த மனைவியின் சம்பளம் கணவர் கணக்கிலேயே சேர்ந்தது. உழைப்பை அளக்க வேண்டிய இடத்திலே காகிதத்தை அளக்கிறார்கள்!

இன்னொரு விந்தையும் கேளுங்கள். கணவரோடு கூட்டாளியாக இருக்கும் மனைவியின் இலாபப் பங்கைக் கணவருடன் சேர்க்கும் விதியை, 1992-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நீக்கிவிட்டது. முதல் போட்ட மனைவிக்கு விடுதலை. உழைப்பைப் போட்ட மனைவிக்கு விலங்கு! என்ன நீதி இது?

சட்டத்தின் எழுத்திலே மனைவி என்று இல்லை, வாழ்க்கைத் துணை என்றுதான் இருக்கிறது என்று வாதிடலாம். எழுத்திலே சமத்துவம், உண்மைதான். ஆனால் பட்டறை யார் பெயரிலே, பங்குகள் யார் பெயரிலே என்று பார்த்தால், சுமை யார் உழைப்பின் மேல் விழுகிறது என்பது விளங்கும்.

ஏமாற்றைத் தடுக்க வேறு வழி இல்லையா? இருக்கிறது. உறவினருக்கு நியாயமான மதிப்புக்கு மேல் கொடுத்தால், மிகையைச் செலவாக ஏற்க மறுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. 1968 முதல் இருந்துவரும் விதி. வேலை செய்தாரா, கொடுத்தது நியாயமா என்ற இரு கேள்விகள் போதாவா? பிரிட்டனிலே மனைவியின் வருமானத்தைக் கணவனுடையதாகக் கருதும் முறை இருந்தது. 1990 ஏப்ரலோடு அதற்கு முடிவு கட்டினார்கள். அவர்கள் கஜானா காலியாகிவிடவில்லை!

சட்டம் மாறும்வரை நம்மவர் செய்யவேண்டியது என்ன? சம்பளம் போடுமுன் பங்கு விகிதத்தைப் பாருங்கள். வேலை இன்னதென்று குறித்து நியமனக் கடிதம் கொடுங்கள். வெளியாளுக்குத் தருவதையே தாருங்கள். வங்கி வழியாக, அவருடைய தனிக் கணக்கிலே தாருங்கள். படிப்பு, பயிற்சி, அனுபவம் எதுவானாலும் சான்றுகளைத் திரட்டி வையுங்கள். ஒன்றை மறவாதீர்கள்: சம்பளம் கணவர் கணக்கிலே சேர்க்கப்பட்டாலும் பணம் அம்மையாருடையதே. அதைச் சேமித்து அவர் பெறும் வட்டி அவருடைய வருமானமே. ஆகவே, வரி கூடுகிறதே என்று சம்பளத்தை நிறுத்திவிடாதீர்கள்!

1929-லே செங்கற்பட்டு மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று முழங்கியபோது நகைத்தவர் உண்டு. 1989-லே தமிழ்நாட்டிலே அது சட்டமாயிற்று. பிறந்த வீட்டுச் சொத்திலே பங்கு தந்த நாடு, புகுந்த வீட்டுப் பட்டறையிலே சிந்திய வியர்வைக்கு அவள் பெயரிலே கணக்கு எழுத மறுக்கலாமா? கூலி உழைத்தவருக்கு, கணக்கும் உழைத்தவர் பெயருக்கே! டில்லி இதைக் கேட்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.